செட் மாத்திரை

ஆகஸ்ட் 10

பெனா, இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஆதிரை இப்போதுதான் கண்ணை மூடினாள். அவருக்குக் கயத்தாறு காற்றாலையில் இராத்திரி ஷிஃப்ட். அத்தை அடுத்த அறையில் குறட்டை. இந்த வீட்டில் என் பேனாவுக்கு இந்த ஒரு வேளைதான் வாய்க்கிறது. எழுத்து தூக்கக் கலக்கத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்.

போனில் நீ சொன்னது சரிதான். நாம் பேச ஆரம்பித்தால் அங்கே உன் ரய்யானோ இங்கே என் மகளோ உடனே கச்சேரியைத் தொடங்கிவிடுகிறார்கள். "பழையபடி லீவு நோட்டு எழுதுட்டி, நான் ஷார்ஜால இருந்து படிக்கேன்" என்றாயே, மறுநாளே நோட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டேன். ஹாஸ்டலில் ஒவ்வொரு லீவுக்கும் நீ மேலப்பாளையத்தில் ஒன்று, நான் சங்கரன்கோவிலில் ஒன்று எழுதி, திரும்பி வந்ததும் மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு மணி அடித்தும் எழாமல் படிப்போமே. இதுவும் அப்படித்தான். பக்கங்கள் சேர்ந்ததும் படம் பிடித்து மொத்தமாக அனுப்புகிறேன்.

ஆதிரைக்கு ஏழு மாதம் முடிந்தது. தவழப் பார்க்கிறாள். முன்னால் போக நினைத்துப் பின்னால் போய்விடுகிறாள். போன பிறகு, யார் தன்னை இழுத்தது என்று திரும்பிப் பார்க்கிறாள்.

என் கைக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

இன்று அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபோது உன் நினைவு. மூன்றாம் வருஷம், காலையில் விரல்கள் விறைத்துக்கொண்டு மடங்க மறுத்த அந்த மாதங்கள். "மகாராணிக்கு இன்னைக்கு என்ன சடை? ரெட்டையா, ஒத்தையா?" என்று கேட்டுக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவாய். வார்டனம்மா கேட்டால் "இவளுக்கு மூட்டுல பிரச்சினை இல்ல மேடம், சோம்பேறித்தனம்" என்பாய். இருபது வயதில் முடக்குவாதம் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அழுதேன், நீ "கெழவிங்களுக்கு வாறதுல்லா, நீ முந்திக்கிட்டியே" என்று சிரிக்க வைத்தாய்.

சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே தடவை. ஞாயிறு முழுக்கக் குமட்டல். நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை என் வாயில் வைப்பாய். சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் நம் அறையைத் தாண்டிப் போகும்போது பவுடர் வாசனை வரும். இப்போதும் எங்காவது அந்தப் பவுடர் வாசனை வந்தால் நாக்கில் நார்த்தங்காய் தட்டுகிறது. வியாதிக்காரியாக இருந்த நாட்களுக்காக ஏங்குகிறேன் பார், பைத்தியம்.

பிள்ளை வேண்டும் என்று முடிவான பிறகு அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டு லேசான வேறொன்று தந்ததும் பயந்தேன். ஆனால் ஆதிரை வயிற்றில் இருந்த மாதங்களில் என் கை எப்படி இருந்தது தெரியுமா? பிச்சிப்பூ கட்டினேன். வாசலை அடைத்துக் கோலம் போட்டேன். அத்தை தடுக்கத் தடுக்க முறுக்குப் பிழிந்தேன். எனக்கே நோய் மறந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் மறந்துவிட்டது.

பிரசவமானதும் வா, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அதை ஆரம்பித்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அதனால் போகவில்லை. ஒரு வயது வரைக்கும் அவளுக்கு என் பால். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொல்வதை எல்லாம் கேட்பேன். இவ்வளவுதான் என் திட்டம்.

ஆகஸ்ட் 23

சரி, சொல்லிவிடுகிறேன். பங்குனி வெயிலிலேயே கை இறுக ஆரம்பித்துவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "இது பிள்ளை பெத்த ஒடம்பு வாயு. நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்று பூண்டு லேகியம் கிண்டித் தந்தார்கள். கேட்கவில்லை. பிறகு தெரு முக்கில் இருக்கிற மெடிக்கலுக்குப் போய் அண்ணாச்சியிடம் ஒரு செட் வாங்கி வந்தார்கள்.

ஷார்ஜாவில் இது கிடைக்காது, உனக்கு மறந்திருக்கும். "வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் போதும். அண்ணாச்சி அட்டையிலிருந்து ஒன்று, டப்பாவிலிருந்து ஒன்று என்று கத்தரித்தும் கொட்டியும் காகிதத்தில் மடித்துத் தருவார். ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், கண்ணுக்கே தெரியாத பொடி வெள்ளை ஒன்று. பெயர் கேட்கிற வழக்கம் கிடையாது. அத்தை முழங்காலுக்கு வருஷக்கணக்கில் அதைத்தான் போடுகிறார்கள்.

போட்ட மறுநாள் காலையில் கையை விரித்தேன், விரிந்தது. அழுதேன் பெனா.

பால் கொடுக்கிறேன், ஆகுமா என்று நானே நேரில் போய்க் கேட்டேன். "நம்ம கடையில வாங்குனவுக பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன்.

கணக்கில் பட்டம் வாங்கிய நீயா இப்படி என்று கேட்காதே. வலி குறைந்தால் படித்தவளும் படிக்காதவளும் ஒன்றுதான்.

செப்டம்பர் 4

அவருடைய சித்தி வளைகாப்பு. சித்தியின் மகளுக்கு, சித்திக்கு இல்லை! எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "ஏ ஈசு, கல்யாணத்தப்போ கன்னம் ஒட்டிப் போயிருந்த, இப்போ பவுர்ணமி மாதிரி இருக்கியே. தாய்மை வந்தா தனி அழகுதான்" என்றார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளியே பார்த்தாள்.

ஹாஸ்டலில் நீ என்னை 'ஒட்டடைக்குச்சி' என்பாயே. இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. பசிதான் அடங்க மாட்டேன் என்கிறது. சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிறபோதே அடுத்தது என்ன என்று தோன்றுகிறது. பால் கொடுக்கிறவளுக்குப் பசிக்கத்தானே செய்யும்.

செப்டம்பர் 12

ஆதிரை கையிலிருந்து நழுவிவிட்டாள். மெத்தைமேல்தான். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 21

தடிமனான பேனா ஒன்று வாங்கினேன், சிறுபிள்ளைகள் எழுதுவது. பிடிக்க வசதியாக இருக்கிறது. ஒரு செட் பத்தவில்லை, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஆகிவிட்டது. அத்தைக்குத் தெரியாது. அவர்களுக்கு முழங்கால், எனக்குக் கை என்று தனித்தனியாக வாங்கிக்கொள்கிறோம்.

இன்று குக்கர் மூடியை முழங்கையால் திறந்தேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன வித்தையெல்லாம் கத்துக்கிட்ட?" என்றார். சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 29

அண்ணாச்சி குலசை தசராவுக்கு மாலை போட்டிருக்கிறார், காளி வேஷம் கட்டுகிறாராம். கடையை அடைத்துவிட்டு ஊர்ஊராகக் காணிக்கை எடுக்கப் போய்விட்டார். சூரசம்ஹாரம் முடிந்துதான் வருவார். அத்தைதான் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள்: "தொப்பையோட காளி! முடி வச்சு, பல்லு வச்சு, பாத்தா அம்மனே பயந்திருவா."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலில் கேட்டால் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்கிறார்கள். பரவாயில்லை, நாலு நாள் இல்லாமல் இருந்து பார்க்கலாம். நல்லதுக்குத்தான்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. அவர் பைக்குக்குப் பொட்டு வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 3

தலை சுற்றுகிறது. காலையில் வாந்தி. கை, முழங்கால், தாடை எல்லாம் கல்லாகக் கிடக்கிறது. ஆதிரையை அத்தை தூக்கிவந்து என் பக்கத்தில் போடுகிறார்கள், பால் குடித்ததும் தூக்கிப் போகிறார்கள். டாக்டரிடம் போவோம் என்று அவர் கத்தினார். அண்ணாச்சி வந்துவிடுவார் என்றேன்.

வேறொன்றும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 4

இரவானால் விரல் கொஞ்சம் இளகுகிறது, அந்தத் தடிப் பேனாவைப் பிடிக்க முடிகிறது. அவர் போன் பண்ணி அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். அப்பா வந்தார், பையில் ஆட்டுக்கால் இருந்தது.

அப்பாவை உனக்குத் தெரியும். சங்கரன்கோவில்–திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். ஹாஸ்டல் வாசலில் வண்டியை ஓரங்கட்டி, ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலம் தந்துவிட்டு விசிலடித்துப் போவாரே, அவரேதான். அவருக்கு இடது கால் பெருவிரலில் யூரிக் ஆசிட். சின்ன வயதில் எனக்கு அது பேய் மாதிரி. ஆட்டுக்கறி சாப்பிட்ட மறுநாள் விரல் தக்காளியாகச் சிவந்துவிடும். போர்வை பட்டால் கத்துவார், ஃபேன் காற்று பட்டால் கத்துவார். ஆனாலும் டியூட்டிக்குப் போவார். இடது ஷூவில் பெருவிரலுக்கு நேரே பிளேடால் ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். கூட்டத்தில் யாராவது அந்த ஜன்னலை மிதித்துவிட்டால், விசில் ஊதாமலே பஸ் நின்றுவிடும், அப்படி ஒரு சத்தம். நானும் அம்மாவும் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அம்மா போனதற்குப் பிறகு அந்த ஷூவை நினைத்துச் சிரிக்க ஆள் இல்லை.

"தினம் ஒரு மாத்திரை போடச் சொன்னாங்கள்லா, போடுதீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"வலி இல்லாதப்போ எதுக்குட்டி மாத்திரை? வலிச்சா போடுவேன், போயிட்டுன்னா விட்டுருவேன். மருந்துக்கு அடிமையாயிரக் கூடாதுல்லா."

"அப்போ இந்த ஆட்டுக்கால்?"

"அது உனக்கு. எலும்புக்குப் பலம்."

எனக்கென்று வைத்த சூப்பை நான் ரெண்டு வாய்தான் குடித்தேன். மீதி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும், கை எப்படி இருந்தாலும்.

அவர் காலை ஷிஃப்ட். அத்தை அம்மன் கோவிலுக்குப் போனார்கள், "சம்பந்தி இருக்காகள்லா" என்று. சம்பந்தி காலையிலேயே நொண்ட ஆரம்பித்துவிட்டார். பத்து மணிக்குள் பெருவிரல் தக்காளி. ஹாலில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார், அசைய வழியில்லை. நான் உள்ளறையில், கட்டிலில்.

ஆதிரை ஹாலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தாள், அழுதாள். முதலில் சும்மா அழுகை. பிறகு பசி அழுகை, அதன் சத்தம் வேறு.

"ஏட்டி ஈசு, பிள்ள அழுதா."

"தெரியுதுப்பா. தூக்குங்களேன்."

"தூக்கத்தான் பாக்கேன். கால ஊன முடியலட்டி."

கட்டிலிலிருந்து இறங்கினேன். நிற்க முடிந்தது, நடக்கவும் முடிந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு. அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். கையை அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்தேன். விரல் மடங்கவில்லை. மறுபடி கொடுத்தேன். அவள் நழுவி நழுவிப் பாயிலேயே கிடந்தாள். என் முகத்தைப் பார்த்து இன்னும் ஓங்கி அழுதாள். அம்மா இருக்கிறாள், தூக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு வேறென்ன தெரியும்?

படுத்துப் பால் கொடுக்கலாம் என்று பக்கத்தில் சாய்ந்தேன். அவளை என் பக்கம் திருப்ப வேண்டுமே, அதற்கும் ஒரு கை வேண்டுமே.

அப்பா தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். காலை முன்னால் நீட்டி, ரெண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு தடவையும் அந்த விரல் தரையில் உரச, "யம்மா" என்றார். ஆதிரை அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தாள். தன்னை மாதிரியே இன்னொருவர் தவழத் தெரியாமல் வருகிறார் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பா அவளை என் பக்கம் திருப்பி, என் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தார். அவள் குடிக்க ஆரம்பித்தாள்.

"அப்பனும் மகளும் நல்லா பிள்ள வளக்கோம்" என்றார். கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு பார்த்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வலியில் என்றார்.

அத்தை வந்து கதவைத் திறந்தபோது மூன்று பேரும் ஒரே பாயில் கிடந்தோம். திருநீற்றுப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்கள். "டாக்டர்ட்டயே போவோம்" என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 7

பாளையங்கோட்டையில் அதே டாக்டரம்மா. நீ பார்த்ததற்கு இப்போது தலை நரைத்துவிட்டது. உன்னை விசாரித்தார்கள், "அந்த வாயாடிப் பொண்ணு?" என்று. அத்தையும் அப்பாவும் கூட வந்தார்கள், காரில் நாங்கள் ஒரு நோயாளிக் கூட்டம்.

"இந்த முகம் எப்ப இருந்து?" என்று கேட்டார்கள்.

"பிள்ளை பெத்த பிறகு டாக்டர். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

"நல்லாத்தான் இருக்கும். என்ன மாத்திரை வாங்கிப் போடுத?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொல்லிவிட்டார்கள்: "வேற ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா செட்டு. நானும் அதான் போடுதேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். கோபப்படுவார்கள் என்று பார்த்தேன், படவில்லை. அந்தப் பொடி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார்கள். கன்னம், பசி எல்லாம் அதனால். மாதக்கணக்காகப் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தியதுதான் இந்த வாந்தியும் தலைசுற்றலும். "உடம்பு அதை நம்பிக்கிட்டு இருந்துச்சு, நீ ஒரே நாள்ல கைய விட்டுட்ட." இனி அளவு சொல்லித் தருவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். ரெண்டு விரல் மூட்டில் எலும்பின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. வலி தெரியாமல் இருந்த மாதங்களிலும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது திரும்ப வளராது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார்கள்.

பாலை நிறுத்தாமல் போடுகிற மாத்திரை எதுவும் இல்லையா என்று கேட்டேன். "ரெண்டு இருக்கு. சல்ஃபா உனக்கு ஒத்துக்கலை, மறந்துட்டியா?" மறக்கவில்லை, உடம்பெல்லாம் தடித்து நீ ராத்திரி முழுக்கக் காலமைன் தடவினாயே. இன்னொன்று கர்ப்பத்தில் போட்டு, பிரசவத்தோடு நான் விட்டுவிட்டது, அது மட்டும் இப்போதைக்குப் பத்தாது. பழைய வாரமாத்திரைதான். முதலில் ரத்தப் பரிசோதனை, ரிசல்ட் சரியாக இருந்தால் பாலை நிறுத்திவிட்டு ஆரம்பிக்கலாம். "முடிவு உன்னோடது. ஆனா ஒரு வயசு வரைக்கும்னு உன் மூட்டு காத்துக்கிட்டு இருக்காது."

அத்தை, "அப்போ எனக்கு டாக்டர்?" என்றார்கள், சின்னக் குரலில். அவர்களுக்கும் சுகர் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அப்பாவிடம், "நீங்க மாத்திரைக்கு அடிமையாக மாட்டேன்னுட்டு ஆட்டுக்காலுக்கு அடிமையாயிட்டீங்க" என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பயணி மாதிரி.

அக்டோபர் 12

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாம் சரி. மாத்திரைச் சீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஐந்து நாளாக யோசிக்கிறேன். வீட்டில் யாரும் வற்புறுத்துவதில்லை, அவர் கூட. ஆதிரை பால் குடிக்கும்போது ஒரு கையால் என் தாலியைப் பிடித்துச் சுருட்டுவாள். இடையில் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பக் குடிப்பாள். இந்த உலகத்தில் நான் மட்டுமே அவளுக்குத் தரக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பாயில் கிடந்து அவள் அழுத அந்தச் சத்தம் வந்து அந்த நினைப்பை அழித்துவிடுகிறது. அவள் நடக்கும்போது பிடிக்க ஒரு கை வேண்டும். அவளுக்குச் சடை பின்ன வேண்டும், அவளுக்கு ஹாஸ்டல் பெட்டி கட்ட வேண்டும். பால் அவர் கலக்கித் தந்தாலும் பால்தான்.

சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் புட்டிகளைக் கொதிக்க வைத்தார். முன்னாலேயே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்!

அக்டோபர் 16

பகல் பால் நின்றுவிட்டது. வேப்பெண்ணெய் தடவினால் உடனே மறந்துவிடுவாள் என்றார்கள் அத்தை. வேண்டாம் என்றேன். அவள் என்னைக் கசப்பாக ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது. "அதுவுஞ் சரிதான்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புட்டியை நான் நீட்டினால் தட்டிவிடுகிறாள், என் சேலையைத்தான் இழுக்கிறாள். அவர் மடியில் வைத்து, காற்றாலை எப்படிச் சுற்றும் என்று கையை வீசிக் காட்டிக்கொண்டே கொடுத்தால் குடிக்கிறாள். நான் அடுக்களையில் நின்று எட்டிப் பார்க்கிறேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. இதற்கு மட்டும் எந்த மாத்திரையும் போடத் தோன்றவில்லை.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். தினமும் காலையில் போன் வருகிறது: "போட்டுட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிடுகிறார்.

அக்டோபர் 18, சனி

நேற்று இரவு கடைசியாகக் கொடுத்தேன். கடைசி என்று எனக்குத்தான் தெரியும். அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள், வாயை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்று மாத்திரை. சனிக்கிழமையையே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், பழக்கம் என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்கள். சீட்டில் 'சனி மட்டும்' என்று பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டுத் தந்திருக்கிறார்கள். அவர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றார். தெருவில் தீபாவளி வெடிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. விழுங்கினேன்.

இப்போது அவள் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள், நான் ஹாலில். என் வாசனை வந்தால் பால் கேட்பாளாம், அத்தை சொன்னார்கள். சற்று முன்பு விழித்து அழுதாள். அவர் தட்டிக்கொடுத்தும் நெடுநேரம் அழுதாள். நான் போகவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சேலை முன்பக்கம் நனைந்துவிட்டது.

இத்தனை பக்கத்தையும் இப்போதே படம் பிடித்து அனுப்புகிறேன். ரய்யானுக்குப் பால் மறக்கடித்தபோது இராத்திரியில் எத்தனை நாள் இப்படி அழுதான்? நீ என்ன செய்தாய்? பிறகு உன்னிடம் பழையபடி வந்தானா? எழுந்ததும் பதில் போடு பெனா, சீக்கிரம்.